கீழக்கரையில் மூடி திறக்கிற கார்: பதினாலு மாசக் கணக்கு

பேசாமல் மஹிந்திரா தார் ஜீப் வாங்கியிருக்கலாமே என்று எல்லாரும் கேட்கிற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், தார் வாங்கியிருக்கலாம். மச்சான் சொன்னார், மெக்கானிக் சொன்னார், பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற பையன்கூடச் சொன்னான். துணி மூடி போட்ட தார் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது, எந்த ஊரிலும் வேலை பார்ப்பார்கள், பின்னால் பிள்ளைகளை ஏற்றலாம், மணலில் இறக்கினால் ஏறி வரும். புத்தி அதைத்தான் வாங்கச் சொன்னது. ஆனால் நான் தேடியது ஜீப் இல்லை. தரையோடு தரையாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் மூடியைத் திறந்துவிட்டு ஏர்வாடிப் பக்கம் போய் வருகிற ரெண்டு சீட்டு கார். அதையே தினமும் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்தில் இருக்கிற கடைக்கும் ஓட்ட வேண்டும், ஏனென்றால் இன்னொரு கார் நிறுத்த வீட்டு முன்னால் இடமும் இல்லை, கையில் காசும் இல்லை. கடைசியில் வாங்கியது 2010 மாடல் மெர்சிடஸ் எஸ்எல்கே 200. கொடுத்தது 11.5 லட்சம். பதினாலு மாசம் ஓட்டியாகிவிட்டது, இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஷார்ஜாவில். அங்கே ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருந்தேன், 2008 மாடல், ரெண்டு லிட்டர், கியர் வண்டி. 1989-ல் தொடங்கி மாஸ்டா இன்றுவரை விடாமல் செய்கிற கார் அது, 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது என்றால் எத்தனை பேருக்கு இந்தக் கிறுக்கு இருக்கிறது பாருங்கள். அதன் துணி மூடிக்கு ஒரே ஒரு கொக்கிதான். சிக்னலில் நிற்கும்போது கொக்கியை எடுத்து, சீட்டில் உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் வீசினால் மூடி போய்ப் படுத்துக்கொள்ளும். மோட்டார் கிடையாது, எண்ணெய்க் குழாய் கிடையாது, கெட்டுப்போக ஒன்றும் கிடையாது. உலகத்தில் எங்கேயாவது இருந்துகொண்டு குறைந்த விலையில் பழைய ஓப்பன் கார் தேடுகிறவர் என்னிடம் கேட்டால், ரெண்டாவது யோசனையே வேண்டாம், அதை வாங்குங்கள் என்பேன்.

அந்தக் காரில் ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. மூடி மடிந்து விழுகிற இடத்தில், சீட்டுக்குப் பின்னால், ரெண்டு பக்கமும் மழைத் தண்ணீர் இறங்கிப் போக ஓட்டை உண்டு. அதில் தூசியும் இலையும் அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் கதவுக்குக் கீழே உள்ள கூட்டுக்குள்ளும் கார்ப்பெட்டிலும் இறங்கிவிடும். ஷார்ஜாவில் மழை ஏது? வருஷக்கணக்காக அது அடைத்துக் கிடந்தது எனக்குத் தெரியவே இல்லை. 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி அமீரகமே மூழ்கிய அந்த மழையில்தான் தெரிந்தது. கார் நின்றது மேட்டில், ரோட்டு வெள்ளம் உள்ளே வரவில்லை. வந்ததெல்லாம் மேலே இருந்து வந்த தண்ணீர். மறுநாள் கதவைத் திறந்தபோது கால் வைக்கிற இடத்தில் கணுக்கால் நனைகிற அளவுக்கு நின்றது. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் ஊரில் கார் பார்த்தேன். எத்தனை குதிரைசக்தி என்பதெல்லாம் அப்புறம். மேலே விழுகிற தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

அந்த மாஸ்டாவையே கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர வேண்டுமானால் அது செய்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், அதற்கு மேல் காரின் விலைக்கும் மேலாக வரி. என் கார் முதல் ரெண்டிலேயே விழுந்துவிட்டது. புதிதாக வாங்கவும் வழியில்லை, எம்எக்ஸ்-5 இங்கே விற்பனைக்கே வரவில்லை.

சரி, இங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தால் வரிசை ரொம்பச் சின்னது. நம் நாட்டிலேயே செய்த ஓப்பன் கார் ஒன்று உண்டு, சான் ஸ்டார்ம், 1990-களின் கடைசியில் வந்தது. ரெனோவின் 1.2 லிட்டர் இன்ஜின், உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். கடற்கரைக்காரனுக்கு ஃபைபர் என்றாலே வாயில் எச்சில் ஊறும், நம் வள்ளங்கள் எல்லாம் மரத்திலிருந்து ஃபைபருக்கு மாறியது சும்மாவா? ஒன்றை ஓசூர் பக்கம் போய்ப் பார்த்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பளபளவென்று நின்றது. குனிந்து அடியில் பார்த்தால் இரும்புச் சட்டம் முறுக்கு மாதிரி உதிர்கிறது. கதவுக் கண்ணாடி ஏற்றுகிற பொறி உடைந்து கயிறு கட்டி வைத்திருந்தார்கள், அதற்கு மாற்றுச் சாமான் கிடைக்காது என்று விற்பவரே ஒப்புக்கொண்டார். ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் தினமும் கடை திறக்கப் போகிறவன் அதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது.

ஆடி ஏ3 கேப்ரியோலே, மினி கூப்பர் கன்வெர்ட்டிபிள் ரெண்டும் துணி மூடி, நாலு சீட்டு, பிள்ளை குட்டிக்காரர்களுக்கு நல்லது. நான் கேட்ட இடங்களில் என் பட்ஜெட்டைப்போல ரெண்டு மடங்கு சொன்னார்கள். சென்னையில் ஒரு பிஎம்டபிள்யூ இசட்4, விலை மட்டும் அதிசயமாகக் கம்மி. அதிசயம் என்றாலே சந்தேகப்பட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார் மூழ்கியது என்று நமக்குத் தெரியும், அதெல்லாம் எங்கே போயிருக்கும்? நான் செய்தது ஒன்றுதான். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். முதல் ரெண்டு அடி சுத்தமான கறுப்பு. அதற்குப் பிறகு, உள்ளேயே சுருண்டு கிடந்த பகுதியில், காய்ந்த சேற்றுக் கோடு, டீத்தூள் கலரில். சீட்டைத் துவைத்தவர்கள் பெல்ட்டை இழுத்துப் பார்க்கவில்லை. "கண்டிஷன் பக்கா சார்" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்த தரகரிடம் பெல்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதற்குள் எனக்கு ஒரு விதி பிடிபட்டிருந்தது. கடலோரத்தில் ஓட்டுகிறவன் கடலோரத்துக் காரை வாங்கக் கூடாது. உப்பு ரெண்டு தடவை சாப்பிட ஒரு காரில் இரும்பு இருக்காது. காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து (சிக்ரி) ஆட்கள் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபம் கேம்பில் ஒரு மையமே வைத்திருக்கிறார்கள். அதற்காக நம் கரைக்கு வந்தார்கள் என்பதிலேயே விஷயம் இருக்கிறது. அதனால் சென்னை, புதுச்சேரி, கொச்சி எல்லாவற்றையும் அடித்துவிட்டு கோயம்புத்தூரில் மட்டும் தேடினேன். அங்கேதான் இந்த எஸ்எல்கே கிடைத்தது.

விலை குறைவானதற்குக் காரணம் துருவும் இல்லை, விபத்தும் இல்லை. காகிதம். பதினைந்து வருஷம் முடியப்போகிற வண்டி, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். சாதாரணக் காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000, 2022 ஏப்ரலில் இருந்து இப்படித்தான். அதற்கு மேல் பசுமை வரி, எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற அலைச்சல். விற்பவருக்கு அந்தத் தலைவலி வேண்டாம். எனக்கு அந்தத் தலைவலி ரெண்டு லட்சம் லாபம். ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது. இந்த மாதிரி பதினாலாவது வருஷத்தில் நிற்கிற ஓப்பன் காரைத் தேடுங்கள், பேரம் பேச அதுதான் சரியான வயசு. வெளிமாநில வண்டி இன்னும் மலிவாகத் தெரியும், ஆனால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபடி கட்டுகிற சாலை வரி என்று போனால் அந்த மலிவு காணாமல் போய்விடும்.

வாங்கும்முன் அங்கேயே ஒரு ஒர்க் ஷாப்பில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். ஜாக்கி வைக்கிற இடங்களில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன், டங் டங் என்றது, நல்ல சத்தம். பிரேக் குழாய்களில் துரு இல்லை. இந்த 1.8 லிட்டர் சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்கு ரெண்டு வியாதி பிரசித்தம். ஒன்று டைமிங் செயின் நீண்டுபோவது, அதனால் வண்டியை முதல்நாள் ராத்திரியே நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டுக் காலையில் நானே சாவி போட்டேன், முதல் ரெண்டு வினாடி சலசலப்பு வருகிறதா என்று காது வைத்துக் கேட்டேன், வரவில்லை. இன்னொன்று, கேம்ஷாஃப்ட் பக்கத்தில் இருக்கிற சின்னக் காந்தங்கள் கசிந்து ஆயில் ஒயருக்குள்ளேயே ஏறிப் போய்விடும், கவனிக்காவிட்டால் கம்ப்யூட்டர் வரைக்கும் போகும். பிளக்கைக் கழற்றி டிஷ்யூ பேப்பரை உள்ளே விட்டால் தெரிந்துவிடும். என் காரில் பேப்பர் நனைந்தது. ஆரம்பக் கட்டம்தான், அதைச் சொல்லி முப்பதாயிரம் குறைத்தேன், மதுரையில் காந்தங்களை மாற்றினேன்.

அப்புறம் மூடி. இதற்குத்தான் இத்தனையும். தகர மூடி, பட்டனை அழுத்திப் பிடித்தால் டிக்கி பின்பக்கமாகத் திறந்து, மூடி ரெண்டாக மடிந்து உள்ளே போய்ப் படுக்கும். 22 வினாடி என்று கம்பெனி சொல்கிறது, பதினைந்து வயசுக்கு அப்புறமும் அதே கணக்குத்தான், எண்ணிப் பார்த்திருக்கிறேன். வண்டி நின்றால்தான் வேலை செய்யும், ஓடும்போது தூறல் போட்டால் ஓரங்கட்ட வேண்டும். டிக்கி பின்னால் வீசித் திறப்பதால் சுவரை ஒட்டி நிறுத்தினால் இடித்துவிடும். கீழக்கரைச் சந்துகளைப் பார்த்தவர்களுக்கு இது என்ன சங்கடம் என்று புரியும், எங்கள் தெருவில் கதவைத் திறப்பதே எதிர்வீட்டுத் திண்ணையிடம் அனுமதி கேட்டுத்தான். அதனால் திறப்பதும் மூடுவதும் தெருவுக்கு வெளியே, மெயின் ரோட்டில்.

வாங்கிய முதல் வாரம் மதுரையில் இருக்கிற கூட்டாளிக்கு எங்கள் ஊர் இனிப்பான தொதல் அஞ்சு கிலோ எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டிக்கியில் மூடி வந்து படுக்கிற இடத்தையும் சாமான் வைக்கிற இடத்தையும் பிரிக்க ஒரு தடுப்புத் திரை உண்டு, அது சரியாக மாட்டியிருந்தால்தான் மூடி அசையும். தொதல் டப்பா ஒரு விரல்கடை உயரம் கூட. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓரமாக நிறுத்திப் பட்டனை அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை, டேஷ்போர்டில் மட்டும் ஏதோ எச்சரிக்கை வருகிறது. சுற்றிக் கூட்டம். "யாருக்குங்க கல்யாணம்?" என்று ஒருவர், "எலெக்ஷன் வருதா?" என்று இன்னொருவர். கடைசியில் தொதல் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு மதுரைக்கு வந்தது. மூடி திறந்தால் டிக்கியில் மிஞ்சுவது ஒரு கட்டைப் பையும் ஒரு மீன் பையும் வைக்கிற இடம்தான், ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

துணி மூடியா தகர மூடியா என்று எத்தனையோ பேர் சண்டை போடுகிறார்கள். துணி எடை கம்மி, எளிமை, அழகும்கூட. ஆனால் எங்கள் தெருவில் ஆடு இருக்கிறது. ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், பக்கத்து வீட்டுக் கிடா போனெட் வழியாக ஏறி மூடியின் மேல் நின்று முருங்கைக் கிளையை எட்டித் தின்றுகொண்டிருக்கிறது. பெயிண்டில் நாலு குளம்புக் கீறல். துணியாக இருந்தால் கிடா என் சீட்டில் உட்கார்ந்திருக்கும். இந்த ஊரில் தகரம்தான் என்று அன்றைக்கு முடிவாகிவிட்டது. அதற்குக் கூலியாக, தகர மூடிக்கு மூட்டுக்கு மூட்டு ரப்பர், எண்ணெயில் ஓடுகிற சிலிண்டர்கள், எது மூடியிருக்கிறது எது மூடவில்லை என்று பார்க்கிற சுவிட்சுகள். எட்டாவது மாசம் ஒரு சிலிண்டர் கசிந்தது. புதுசு வாங்கினால் கட்டுப்படியாகாது, கழற்றி உள்ளே இருக்கிற சீலை மட்டும் மாற்றித் தருகிறவர் ஒருவர் மதுரையில் கிடைத்தார், 14,000-த்தில் முடிந்தது. அவர் கிடைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தொனி வேறு.

தினசரி ஓட்டத்துக்கு எப்படி? உண்மையைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு மேல் மூடியைத் திறந்தால் மண்டை வெந்துவிடும். கறுப்புத் தோல் சீட்டு, நண்பகலில் உட்கார்ந்தால் கைலி ஒட்டிக்கொள்ளும், துண்டு விரித்துத்தான் உட்காருகிறேன். திறக்கிற நேரம் விடிகாலை ஃபஜர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், அப்புறம் ராத்திரி. இந்தக் காரில் கழுத்துக்குச் சூடான காற்று ஊதுகிற வசதி இருக்கிறது, தலை சாய்க்கிற இடத்திலேயே துவாரம், பெயர் ஏர்ஸ்கார்ஃப். ஜெர்மனியில் பனிக்காலத்தில் மூடியைத் திறந்து போகிறவனுக்காகக் கண்டுபிடித்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த பட்டன் இருக்கிற ஒரே கார் இதுவாக இருக்கும், அதை அழுத்துகிற அவசியம் கியாமத்து நாள் வரைக்கும் வராது.

உசரம் கம்மி என்பதுதான் தினமும் படுகிற பாடு. திருப்புல்லாணி வரைக்கும் ரோடு நன்றாக இருக்கும், நடுவில் பெயிண்ட் அடிக்காத ஒரு வேகத்தடை வரும். குறுக்காக, ஒவ்வொரு டயராக ஏற்றி இறக்க வேண்டும், பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனில் என் குடும்பத்தையே விசாரிப்பார். சீமைக்கருவேல முள்ளுக்கு இதுவரை நாலு பஞ்சர். முன்னால் ஒரு அளவு டயர், பின்னால் வேறு அளவு, அதனால் மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது. மைலேஜ் உள்ளூரில் 9, மதுரை ரோட்டில் 12. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த வண்டி இல்லை, ரப்பர் குழாய்களை ஆறு மாசத்துக்கு ஒருதடவை தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக்.

தனுஷ்கோடிக்கு ஒரே ஒரு தடவை போனேன். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்த பிறகு ஓப்பன் கார் வைத்திருக்கிறவன் அங்கே போகாமல் இருக்க முடியாது, ரெண்டு பக்கமும் கடல், மேலே மூடி இல்லை, சொல்லவே வேண்டாம். ஆனால் நான் போனது ஆடி மாசம், கச்சான் என்கிற மேல்காற்று சீறிக்கொண்டிருந்த நேரம். பாம்பன் பாலத்திலேயே கண்ணாடியில் உப்புப் படிந்து வைப்பர் போட வேண்டியதாயிற்று. அங்கே போனால் ரோட்டின் மேல் மணல் ஓடுகிறது, பாம்பு போகிற மாதிரி. மூடியின் ரப்பர் மடிப்புகளில் புகுந்த மணலைப் பெயிண்ட் பிரஷ்ஷால் எடுக்க ரெண்டு ராத்திரி ஆனது. போகிறவர்கள் தை, மாசியில் போங்கள், கச்சான் அடங்கியிருக்கும்.

கழுவுவது தனிக் கதை. உப்பைப் போக்கக் கழுவ வேண்டும், ஆனால் நம் கிணற்றுத் தண்ணீரே உப்பு. போர் தண்ணீர் ஊற்றி வெயிலில் விட்டால் அரை மணியில் வெள்ளை பூத்துவிடும். காவிரித் தண்ணீரை எடுத்தால் உம்மா சத்தம் போடுகிறது: "குடிக்கத் தண்ணி குடம் காசு குடுத்து வாங்குறோம், நீ அதுல காரைக் குளுப்பாட்டுறியா?" நியாயம்தானே. கடைசியில் கண்டுபிடித்தது ஏசித் தண்ணீர். நம் கடற்கரைப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க ஓடுகிற ஏசி ஒரு வாளியை நிரப்பிவிடும், உப்பே இல்லாத தண்ணீர். போர் தண்ணீரில் அழுக்கைப் போக்கிவிட்டு, காய்வதற்குள் ஏசித் தண்ணீரால் ஒரு தடவை அலசித் துடைத்துவிடுகிறேன். அடியில், சக்கரத்துக்குப் பின்னால், ஸ்ப்ரேயரில் ஊற்றி அடிக்கிறேன். பதினாலு மாசத்தில் புதுத் துரு ஒரு பொட்டுகூட இல்லை. பக்கத்து வீட்டு ராத்தாவும் (அக்காவும்) இப்போது தன் வீட்டு ஏசி வாளியை எனக்காக எடுத்து வைக்கிறது, கிடாவுக்கு நஷ்ட ஈடு போல.

ரப்பர்களுக்குச் சிலிகான் கிரீஸ், மாசம் ஒருதடவை, விரலால் தேய்க்கிறேன். தேங்காய் எண்ணெய் போடச் சொல்வார்கள், போடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும்.

ஐப்பசி வருகிறது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மூடியைப் பாதி திறந்து நிறுத்தி, ரெண்டு பக்க ஓட்டையிலும் தலா ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். வலது பக்கம் சக்கரத்துக்குப் பின்னால் சட்டென்று கொட்டியது. இடது பக்கம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கம்பி விட்டால் குழாய் கிழிந்துவிடும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக் காக்கா (அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டார், என்ன ஏது என்று. சொன்னேன். உள்ளே போய்த் தங்கூசி என்கிற தடித்த நைலான் தூண்டில் நரம்பில் ரெண்டு கை விரிக்கிற நீளத்துக்கு ஒரு பாகம் வெட்டிக்கொண்டு வந்தார். வளைந்து வளைந்து உள்ளே போனது, ஏதோ தட்டியது, இழுத்தால் முருங்கை இலைக் காம்பும் ஆட்டு ரோமமும் திரித் திரியாக வந்தது. மறுபடியும் ஒரு மக் ஊற்றினேன்.